மண்டையோட்டின் மேல் வைத்த கை

சென்ற இதழில் நண்பர் எழுதியிருந்த குறிப்புக்குப் பதில் சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஒன்றரைப் பக்கக் குறிப்பு. அதிலும் பாதி வேறு யாருக்கோ எழுதிய வசவு. ஆனால் நம்மிடையே அது பாராட்டப்பட்டிருக்கிறது. இரண்டு கடிதங்கள் அதை மெச்சி வந்திருப்பதாக ஆசிரியர் சொல்கிறார். எனவே எழுத வேண்டியதாகிவிட்டது.

நண்பர் சொல்வது இதுதான். எழுத்தாளர்கள் கூட்டம் சேர்வது எப்போதுமே படைப்புக்கு விரோதமானது. அதற்கு அவர் காட்டும் உதாரணம் லண்டனில் துப்பறியும் கதை எழுதுகிறவர்கள் கூடி வைத்துக்கொண்ட 'டிடெக்‌ஷன் கிளப்'. மண்டையோட்டில் விளக்குப் பொருத்தி, அங்கி போட்டுக்கொண்டு, அதன் மேல் கைவைத்துச் சத்தியம் செய்து, பிறகு விருந்து சாப்பிட்ட கூட்டம். வியாபாரிகள் சங்கம் வைத்துக்கொள்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கிறார். அகதா கிறிஸ்டி 'ரோஜர் அக்ராய்ட்' நாவலில் புதிதாக ஒன்றைச் செய்துவிட்டார் என்பதற்காகக் கழகத்தார் அவரை வெளியே தள்ளப் பார்த்தார்கள் என்றும், படைப்புச் சுதந்திரத்துக்குச் சங்கம் செய்யும் மரியாதை இதுதான் என்றும் முடிக்கிறார்.

கடைசியில் சொன்னதை முதலில் எடுத்துக்கொள்வோம். அந்த நாவல் 1926ல் வந்தது. கழகம் முறையாகத் தோன்றியது 1930ல். பிறக்காத கழகம் யாரையும் வெளியேற்ற முடியாது. கிறிஸ்டி அதன் ஆரம்ப உறுப்பினர்களில் ஒருவர். 1957லிருந்து 1976ல் இறக்கும் வரை அதன் தலைவர். மேடையில் பேச மாட்டேன் என்ற நிபந்தனையோடு தலைமையை ஏற்றவர். பேசுவதற்கென்று லார்ட் கோரெல் என்பவரைக் கூட்டுத் தலைவராக வைத்தார்கள். நாவல் வந்தபோது சர்ச்சை இருந்தது உண்மை. கதை சொல்கிறவனை நம்பி ஏமாந்தோம் என்று வாசகர்கள் கோபப்பட்டதும் உண்மை. அப்போது கிறிஸ்டிக்குப் பரிந்து பேசியவர்களில் ஒருவர் டாரதி ஸேயர்ஸ். பிற்பாடு கழகத்தின் முதுகெலும்பாக இருந்தவர். எல்லோரையும் சந்தேகிப்பது வாசகனுடைய வேலை என்பது அவர் கட்சி. நண்பர் எங்கோ படித்ததை, எங்கே படித்தோம் என்ற நினைவு கூட இல்லாமல், ஒரு வாதத்தின் உச்சியில் கொண்டுபோய் வைத்திருக்கிறார். தேதியைப் பார்த்தால் தீர்ந்துபோகிற விஷயம். துப்பறியும் கதை எழுதுகிறவன் இந்தத் தப்பைச் செய்தால் அவனுடைய வாசகன் மறுநாளே கடிதம் போட்டுவிடுவான். நமக்கு இரண்டு பாராட்டுக் கடிதங்கள் வருகின்றன.

இனி விஷயத்துக்கு.

இதைத் தொடங்கியவர் ஆன்தனி பெர்க்லி. முழுப்பெயர் ஆன்தனி பெர்க்லி காக்ஸ். எளிதில் பழகக்கூடிய மனிதரல்ல. 1928 வாக்கில் லண்டனுக்கு வெளியே வாட்ஃபர்டில் தன் வீட்டுக்குச் சக எழுத்தாளர்களை விருந்துக்கு அழைக்கத் தொடங்கினார். பேச்சு பெரும்பாலும் தொழில் பற்றியது: எந்த விஷம் எவ்வளவு நேரத்தில், எந்த ரயில் எந்த நிலையத்தில் எத்தனை நிமிஷம். இதிலிருந்து கழகம் பிறந்தது. முதல் தலைவர் ஜி.கே. செஸ்டர்டன். ஆரம்ப உறுப்பினர்களில் ஸேயர்ஸ், கிறிஸ்டி, ஃப்ரீமன் வில்ஸ் க்ராஃப்ட்ஸ் என்ற ரயில்வே இன்ஜினியர், ரோனல்ட் நாக்ஸ் என்ற கத்தோலிக்கப் பாதிரியார், ஜி.டி.ஹெச். கோல் என்ற சோஷலிஸ்டுப் பொருளாதார அறிஞரும் அவர் மனைவி மார்கரெட்டும், புரட்சிக்காரர்களிடமிருந்து பிரபுக்களைக் காப்பாற்றும் கதையால் புகழ்பெற்ற பாரனஸ் ஓர்ஸி எல்லோரும் உண்டு. பிரபுக்களின் சொத்தைப் பிடுங்க வேண்டும் என்று எழுதியவரும், பிரபுக்களின் கழுத்தைக் கில்லட்டினிலிருந்து மீட்டவரும் ஒரே மேஜையில் சாப்பிட்டார்கள். நம்மில் நான்கு பேரை ஒரே மேஜையில் உட்கார வைக்க, யார் யாரை எந்த இதழில் என்ன எழுதினார் என்று ஒரு ஜாதகமே பார்க்க வேண்டியிருக்கிறது.

சேருவதற்கு நிபந்தனை இருந்தது. ஒப்புக்கொள்ளத்தக்க தரத்தில் குறைந்தது இரண்டு துப்பறியும் நாவல்கள். உறுப்பினர் ஒருவர் முன்மொழிய வேண்டும். வெறும் பரபரப்புக் கதைகள் ஆரம்ப காலத்தில் கணக்கில் வராது. வாசகனிடம் நேர்மையாக நடந்துகொள்ளாதது நாவலின் குறையாகக் கருதப்படும் என்று விதியிலேயே எழுதிவைத்தார்கள். அந்நாளில் இங்கிலாந்தில் ஏராளமாக விற்றுக்கொண்டிருந்தவர் எட்கர் வாலஸ். அவர் உறுப்பினரல்ல. நண்பர் வியாபாரிகள் சங்கம் என்கிறார். சந்தையின் பெரிய வியாபாரியைச் சேர்க்காத வியாபாரிகள் சங்கத்தை நான் இதுவரை கேள்விப்பட்டதில்லை.

சடங்கைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எரிக் என்று அந்த மண்டையோட்டுக்குப் பெயர். கண்குழியில் விளக்கு எரியும். ஜான் ரோட் என்ற பெயரில் எழுதிய உறுப்பினருக்கு மின்சார வேலை தெரியும், அவர் கைங்கரியம். வேடிக்கைதான், அவர்களும் அதை வேடிக்கையாகத்தான் செய்தார்கள். ஆனால் அந்த ஓட்டின் மேல் கைவைத்துச் சொன்னது என்ன என்பதை நண்பர் தம் குறிப்பில் எழுதவில்லை. நான் எழுதுகிறேன். என் கதையில் துப்பறிகிறவன் தன் புத்தியைக் கொண்டே உண்மையைக் கண்டுபிடிப்பான். தெய்வ சங்கல்பத்தையோ, உள்ளுணர்வையோ, மந்திர ஜாலத்தையோ, தற்செயலையோ நம்பி அவனை விட மாட்டேன். முக்கியமான தடயம் எதையும் வாசகனிடமிருந்து மறைக்க மாட்டேன். விஞ்ஞானத்துக்குத் தெரியாத விஷத்தைப் பிரயோகிக்க மாட்டேன். இரகசியக் கும்பல், பேய், ஹிப்னாடிஸம், பொறிக்கதவு போன்றவற்றில் நிதானம் காட்டுவேன். மொழியை மரியாதையாகக் கையாள்வேன். பிரமாணத்தை மீறினால் அச்சுப்பிழைகள் மலியட்டும், விற்பனை குறையட்டும் என்று ஒரு சாபமும் சேர்த்திருந்தார்கள். (அச்சுப்பிழையும் விற்பனைக் குறைவும் நமக்குப் பிரமாணம் செய்யாமலே கிடைத்திருக்கின்றன.)

இவற்றில் பலவற்றுக்கு மூலம் நாக்ஸ் 1929ல் ஒரு தொகுப்பின் முன்னுரையில் விதித்த பத்து விதிகள். பாதிரியாராயிற்றே, பத்துக் கட்டளைகளாகவே தந்தார். அதற்கு ஒரு வருஷம் முன்பு அமெரிக்காவில் வான் டைன் இருபது விதிகள் எழுதியிருந்தார். எழுத்துக்கு விதி வகுப்பது அசட்டுத்தனம் என்று நண்பர் மட்டுமல்ல, நாம் எல்லோருமே சொல்வோம். ஆனால் இந்த விதிகளை வரிசையாகப் படித்துப் பாருங்கள். எப்படி எழுத வேண்டும் என்று ஒரு விதி கூடச் சொல்லவில்லை. எதைச் செய்து வாசகனை ஏமாற்றக்கூடாது என்று மட்டுமே சொல்கின்றன. இவை அழகியல் விதிகளல்ல. கடன் பத்திரம். எழுதுகிறவன் படிக்கிறவனுக்கு என்ன கடன்பட்டிருக்கிறான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட பத்திரம்.

நம்மிடம் அப்படி ஒன்று உண்டா?

கவிதைக்கு விடை இருக்கவேண்டும் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொண்டு யாரும் கடிதம் எழுத வேண்டாம். இருண்மைக்கு நான் விரோதி அல்ல. எனக்குப் பிடித்த கவிதைகளில் பாதி எனக்கு இன்னும் பிடிபடாதவை. ஆனால் இரண்டு வகை இருட்டு இருக்கிறது. ஒன்றில், எல்லாம் அறைக்குள்ளேயே இருக்கிறது, கண் பழகவேண்டும். சொல் அங்கே கிடக்கிறது, படிமம் அங்கே கிடக்கிறது, முதல் தடவை நான் பார்க்கத் தவறினேன், அவ்வளவுதான். இன்னொன்றில் அறையே காலி. விளக்கைப் போட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்பதற்காக அணைத்து வைத்திருக்கிறது. முதல் வகைக் கவிஞன் தடயத்தை மறைக்கவில்லை. இரண்டாவது ஆசாமியிடம் மறைப்பதற்கே எதுவும் இல்லை. இந்த வித்தியாசத்தைச் சொல்லவேண்டியது விமர்சனத்தின் முதல் காரியம். சிறு பத்திரிகைகளில் எத்தனை வருஷமாக எத்தனை மதிப்புரை எழுதியிருக்கிறோம், எத்தனை இடத்தில் இதைச் சொல்லியிருக்கிறோம்? "ஆழ்ந்த மௌனத்தின் தளத்தில் இயங்குகிறது" என்று எழுதிவிட்டு, அந்த மௌனம் பேச எதுவும் இல்லாததால் வந்ததா என்று கேட்காமல் விட்டிருக்கிறோம். நானும் எழுதியிருக்கிறேன்.

இப்போது 'தி ஃப்ளோட்டிங் அட்மிரல்'. 1931ல் கழகத்தார் கூட்டாக எழுதிய நாவல். நண்பர் இதைப் பெயர் சொல்லாமல் "ஆளுக்கொரு அத்தியாயம் கிறுக்கிய கேளிக்கை" என்கிறார். என்ன நடந்தது என்று பார்ப்போம். கேனன் விட்சர்ச் என்ற பாதிரியார் முதல் அத்தியாயம் எழுதுகிறார்: ஆற்றில் ஒரு படகு மிதந்து வருகிறது, ஊர்ப் பாதிரியாரின் படகு, அதில் ஓய்வுபெற்ற அட்மிரல் ஒருவர் குத்துப்பட்டுக் கிடக்கிறார். அடுத்த அத்தியாயம் கோல் தம்பதி. பிறகு ஹென்றி வேட், கிறிஸ்டி, ஜான் ரோட், மில்வர்ட் கென்னடி, ஸேயர்ஸ், நாக்ஸ், க்ராஃப்ட்ஸ், எட்கர் ஜெப்ஸன், க்ளெமென்ஸ் டேன். கடைசியாகப் பன்னிரண்டாவது, பெர்க்லி. செஸ்டர்டன் முன்கதையை எல்லாம் முடிந்த பிறகு எழுதிச் சேர்த்தார்.

நிபந்தனைகள் இரண்டு. முன்னால் எழுதியவர் என்ன நினைத்து எழுதினார் என்று பின்னால் வருகிறவருக்குச் சொல்லப்பட மாட்டாது. ஆனால் அவர் போட்ட முடிச்சு ஒவ்வொன்றுக்கும் இவர் பதில் சொல்லியாக வேண்டும், கண்டும் காணாமல் தாண்டக்கூடாது. இரண்டாவது, ஒவ்வொருவரும் தன் மனதில் ஒரு நிச்சயமான தீர்வை வைத்துக்கொண்டே எழுத வேண்டும். அடுத்தவனைத் திண்டாட வைப்பதற்காக மட்டும் சிக்கலைப் போடக்கூடாது. அதற்கு அத்தாட்சியாகத் தன் தீர்வையும் எழுதிக் கையெழுத்துப் பிரதியோடு கொடுத்துவிட வேண்டும். புத்தகத்தின் கடைசியில் அந்தத் தீர்வுகளை அச்சிட்டார்கள். இதுதான் எனக்கு முக்கியம். நாவலின் முடிவாகத் தேறியது பெர்க்லியின் தீர்வு. மற்றவர்கள் நினைத்திருந்தது நடக்கவில்லை, தோற்றுப்போயிற்று. தோற்றுப்போன தீர்வுகளைத் தங்கள் பெயரோடு வெளியிட்டுக்கொண்டார்கள். அப்போதே பெரும் பெயர் பெற்றிருந்தவர்கள், தாங்கள் எங்கே கோட்டைவிட்டோம் என்பதை விலை கொடுத்து வாங்குகிறவன் கையில் கொடுத்தார்கள்.

நடுவில் நாக்ஸ் செய்தது இன்னும் அழகு. எட்டாவது அத்தியாயத்துக்காக அவர் கைக்குக் கதை வருவதற்குள் அது கண்டபடி சிக்கிக் கிடந்தது. அவர் என்ன செய்தார்? புதிதாக எதையும் கூட்டாமல், அதுவரை எழுந்த சந்தேகங்களையெல்லாம் எண்ணி வரிசைப்படுத்தினார். முப்பத்தொன்பது. ஆங்கிலத் திருச்சபையின் கோட்பாடுகளும் முப்பத்தொன்பதுதான். அந்தச் சபையை விட்டு ரோமுக்குப் போனவர் நாக்ஸ், அதனால் அத்தியாயத் தலைப்பிலேயே ஒரு சிரிப்பை வைத்தார். ஆனால் செய்த காரியம் என்ன? சக எழுத்தாளர்கள் ஏழு அத்தியாயங்களில் எழுதியதை ஒரு வரி விடாமல் படித்து, எது எதோடு பொருந்தவில்லை என்று குறித்திருக்கிறார். யாரையும் புகழவில்லை, திட்டவுமில்லை. இதை விமர்சனம் என்று சொல்லாமல் வேறு எதைச் சொல்வது? பெர்க்லி கடைசி அத்தியாயத்துக்கு வைத்த தலைப்பு, குப்பையைக் கூட்டி அள்ளுவது என்ற பொருளில்.

நாங்களும் ஒருமுறை முயன்றோம். பல வருஷங்களுக்கு முன்பு, ஐந்து பேர், ஒரு தொடர்கதை, ஆளுக்கு ஒரு பகுதி. முதல் பகுதியில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் மழையில் நடந்துபோனார். இரண்டாவது ஆள் அவரை ஒரு தத்துவ விசாரத்தில் உட்கார வைத்துவிட்டார். மூன்றாவது ஆளுக்கும் இரண்டாவது ஆளுக்கும் அப்போது ஒரு மதிப்புரை காரணமாகப் பேச்சு வார்த்தை இல்லை. அவர் வாத்தியாரை லாரி ஏற்றிக் கொன்றார். நான் நான்காவது. வாத்தியார் கண்டது கனவு என்று எழுதி அனுப்பினேன். ஐந்தாவது நண்பர் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார். கேளிக்கை என்று எதையும் எளிதாகச் சொல்லிவிடலாம்.

1933ல் 'ஆஸ்க் எ போலீஸ்மன்' என்று இன்னொன்று. இதில் ஒருவர் படைத்த துப்பறிவாளனை மற்றவர் எடுத்துக்கொண்டார்கள். ஸேயர்ஸின் லார்ட் பீட்டரை பெர்க்லி எழுதினார்; பெர்க்லியின் ரோஜர் ஷெரிங்காமை ஸேயர்ஸ் எழுதினார். அடுத்தவர் நடையை உள்ளிருந்து தெரிந்துகொண்டு, அதன் அசட்டுத்தனத்தையும் சேர்த்து எழுதிக்காட்டுவது. பாதிக்கப்பட்டவர் சிரித்துக்கொண்டு அடுத்த விருந்துக்கு வந்தார். இதற்கு மேல் இதைப் பற்றி எழுதவில்லை; யோசித்தால் பொறாமையாக இருக்கிறது.

இவ்வளவு சொன்னதால் நான் இந்தக் கழகத்தின் வக்கீல் என்று நினைத்துவிடக்கூடாது. நண்பர் தாக்கவேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. அவர் மண்டையோட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்ததில் அது கண்ணில் படவில்லை.

பிரமாணம் வாசகனுக்குச் செய்யப்பட்டது. பிணத்துக்கு யாரும் எந்தப் பிரமாணமும் செய்யவில்லை. அட்மிரல் படகில் கிடக்கிறார், அவருக்காக ஒரு பக்கத்தில் கூட யாரும் அழுவதில்லை. கத்தி எந்தக் கோணத்தில் இறங்கியது என்பது எல்லோருக்கும் வேண்டும். இறந்தவன் ஆள் என்பது யாருக்கும் வேண்டாம். நேர்மை தடயத்தோடு நின்றுவிட்டது. 1931 இங்கிலாந்தில் எப்படிப்பட்ட வருஷம்! வேலையில்லாதவர்கள் 25 லட்சத்துக்கு மேல். கோல் பகலில் அவர்களைப் பற்றித்தான் எழுதிக்கொண்டிருந்தார். மாலையில் பங்களாக் கொலை. இரண்டுக்கும் நடுவில் ஒரு கதவு இருந்திருக்கவேண்டும், அதை அவர் சாத்தியே வைத்திருந்தார். வான் டைன் விதிகளில் ஒன்று, வேலைக்காரன் குற்றவாளியாக இருக்கக்கூடாது என்கிறது. முதல் தடவை படிக்கிறவன் ஏழைக்குப் பரிந்து போட்ட விதி என்று நினைப்பான். காரணம் வேறு: வேலைக்காரன் என்றால் ரொம்ப எளிதாகப் போய்விடும், சந்தேகப்படத் தகுதியுள்ள பெரிய மனிதராக இருக்கவேண்டும். கொலை செய்யக்கூட அந்தஸ்து வேண்டும்! வான் டைன் கழகத்தைச் சேர்ந்தவரல்ல. ஆனால் கழகத்தார் எழுதிய பங்களாக்களிலும் வேலைக்காரர்கள் தேநீரும் தடயமும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறவர்கள்தான்.

நாக்ஸின் ஐந்தாவது விதி கதையில் சீனாக்காரன் வரக்கூடாது என்கிறது. இதைப் பிடித்துக்கொண்டு அவரை இனவெறியர் என்று முடித்துவிடுவது சுலபம். அது சரியல்ல. ஸாக்ஸ் ரோமரின் ஃபூ மான்சூ வகையறாவில் சீனாக்காரன் என்றாலே வில்லன் என்று ஆகிவிட்டிருந்தது. அந்த மலிவான பழக்கத்தைக் கேலி செய்த விதி அது. பிரமாணத்திலும் அவர்களுக்கு ஒரு நிதானம் விதிக்கப்பட்டது, பேய்களுக்கும் பொறிக்கதவுக்கும் பக்கத்தில். ஆனால் கேலி செய்தவர்களும் அங்கேயே நின்றார்கள். பொய்யான சீனாக்காரனை வெளியே அனுப்பினார்கள். அவன் இடத்தில் ஒரு மனிதனைக் கொண்டுவர வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. கழகம் வாடகைக்கு அறை எடுத்திருந்தது ஸோஹோவில், ஜெரார்ட் தெரு 31ஆம் எண்ணில். அந்தத் தெருதான் இன்று லண்டன் சைனாடவுனின் நடுத்தெரு.

தூக்குமரமும் இருக்கிறது. இந்த நாவல்களின் கடைசிப் பக்கத்துக்கு அடுத்த பக்கம் தூக்கு. அது அச்சாவதே இல்லை. பிரிட்டனில் கொலைக்கு மரணதண்டனை நிறுத்தப்பட்டது 1965ல். அதுவரை, புதிரைத் தீர்த்த சந்தோஷத்தோடு நாம் புத்தகத்தை மூடும்போதெல்லாம் ஒரு ஆளை மூன்று வாரத்தில் தூக்கில் போட அனுப்பிவிட்டுத்தான் மூடுகிறோம். இதை எழுதத் துணிந்தது ஸேயர்ஸ். 1937ல் வந்த 'பஸ்மன்ஸ் ஹனிமூன்' முடிவில், தான் பிடித்துக்கொடுத்தவன் தூக்கிலேறும் காலையில் லார்ட் பீட்டர் மனைவியின் மடியில் உடைந்து அழுகிறான். அதற்குப் பிறகு லார்ட் பீட்டரை வைத்து முழு நாவல் எதையும் ஸேயர்ஸ் முடிக்கவில்லை. சமய நாடகத்துக்கும் தாந்தேயை மொழிபெயர்ப்பதற்கும் போய்விட்டார். பிரமாணத்தை எல்லோரையும்விடக் கண்டிப்பாக எடுத்துக்கொண்டவர் அவர். பிரமாணத்தில் விட்டுப்போனது எது என்று கண்டுபிடித்தவரும் அவர். இது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. கடனை ஒழுங்காகக் கட்டுகிறவனுக்குத்தான் இன்னும் யாருக்கெல்லாம் கடன் இருக்கிறது என்று தெரியவரும்.

பெர்க்லியின் விஷயமும் இதே ஜாதிதான். 1929ல் 'தி பாய்ஸன்ட் சாக்லேட்ஸ் கேஸ்' எழுதினார். ஆறு பேர் கொண்ட ஒரு வட்டம், ஒரே கொலை, ஆளுக்கு ஒரு தீர்வு. ஒவ்வொன்றும் கேட்கும்போது அசைக்கமுடியாததாக இருக்கிறது, அடுத்தவர் எழுந்தவுடன் விழுந்துவிடுகிறது. தடயங்களிலிருந்து உண்மை தானாக வந்துவிடும் என்ற நம்பிக்கையையே இந்த நாவல் கவிழ்த்துவிட்டது. எழுதியவர் அடுத்த வருஷமே தடயத்துக்குக் கழகம் வைக்கிறார்! அதற்கும் அடுத்த வருஷம், 1931ல், ஃப்ரான்ஸிஸ் ஐல்ஸ் என்ற பெயரில் 'மாலிஸ் அஃபோர்தாட்'. இதில் யார் கொல்லப்போகிறான் என்பதை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறார். மர்மமே கிடையாது. ஒரு சிறு ஊர் டாக்டர், அவருடைய தாழ்வு மனப்பான்மை, மனைவியின் மேல் வெறுப்பு. விதிகளுக்குக் காவலனாக நின்றவர் ஒரு கையால் பூட்டிக்கொண்டே மறுகையால் சுவரை இடித்திருக்கிறார். கழகம் அவரை விசாரிக்கவில்லை. 1939க்குப் பிறகு அவர் நாவல் எழுதவில்லை; மதிப்புரை மட்டும் எழுதிக்கொண்டிருந்துவிட்டு 1971ல் இறந்தார். ஒரு எழுத்தாளன் தனக்கே விரோதமாக இந்த அளவுக்குப் போனது நம் பக்கத்தில் நடந்திருந்தால் ஒரு சிறப்பிதழ் போட்டிருப்போம்.

வெளியிலிருந்து வந்த தாக்குதல்களும் நண்பருக்குத் தெரிந்திருக்கலாம். 1944ல் ரேமண்ட் சாண்ட்லர் எழுதிய கட்டுரை, 1945ல் எட்மண்ட் வில்ஸன் நியூயார்க்கர் பத்திரிகையில் எழுதியது. ரோஜர் அக்ராய்டை யார் கொன்றால் யாருக்கு என்ன என்று கேட்டார் வில்ஸன். பிரமாதமான வசவு, ஆனால் பொறுமையில்லாத படிப்பு. சாண்ட்லர் வேறு மாதிரி. ஏ.ஏ. மில்னின் 'ரெட் ஹவுஸ் மிஸ்டரி'யை எடுத்து, அது தன் சொந்த தர்க்கத்தின்படியே எங்கே எங்கே இடிந்து விழுகிறது என்று ஒவ்வொரு செங்கல்லாக எடுத்துக் காட்டினார். அவர்கள் விதியைக் கொண்டே அவர்களை அளந்தார். மில்ன் கழகத்தின் ஆரம்ப உறுப்பினர்.

இங்கே நண்பருக்கு ஒரு கேள்வி. 1972ல் 'ப்ளடி மர்டர்' என்று ஒரு விமர்சன நூல் வந்தது. பழைய புதிர்க் கதையின் காலம் முடிந்தது, மனிதர்களைப் பற்றிய குற்ற நாவல்தான் இனி என்று வாதிட்டது. க்ராஃப்ட்ஸ், ஜான் ரோட் முதலிய ஸ்தாபக உறுப்பினர்களைச் சலிப்பூட்டும் கோஷ்டி என்று ஒரு வார்த்தையில் ஒதுக்கிய புத்தகம். எழுதியவர் ஜூலியன் ஸைமன்ஸ். இதற்குக் கழகம் என்ன செய்தது? நான்கு வருஷம் கழித்து, கிறிஸ்டி இறந்ததும், அவரைத் தலைவராக்கியது. 1985 வரை அவர்தான் தலைவர். இந்த ஒரு சம்பவத்தின் எதிரில் நண்பரின் ஒன்றரைப் பக்கம் நிற்குமா? நம்மில் ஒருவர் மற்றவரின் தொகுதியைப் பற்றி "சில கவிதைகள் முழுமை பெறவில்லை" என்று எழுதினால் பத்து வருஷம் முகம் பார்ப்பதில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். இந்த ஸைமன்ஸ் யார்? கவிஞர். 1937லிருந்து 1939 வரை 'ட்வென்டியத் செஞ்சுரி வெர்ஸ்' என்ற சிறு கவிதைப் பத்திரிகையை நடத்தியவர். நம்முடையது போன்ற பத்திரிகை. நம்முடையது போலவே அல்பாயுசில் போனது. நிக்கலஸ் பிளேக் என்ற பெயரில் துப்பறியும் நாவல் எழுதிக் கழகத்தில் சேர்ந்தவர் ஸெஸில் டே லூயிஸ். ஆடன் தலைமுறைக் கவிஞர், 1968லிருந்து 1972 வரை அரசவைக் கவிஞர். வீட்டுக் கூரை ஒழுகியது, பணம் வேண்டியிருந்தது, எழுதினார். அவருடைய 'தி பீஸ்ட் மஸ்ட் டை'தான் போர்ஹேயும் பியோய் காஸாரஸும் 1945ல் தொடங்கிய துப்பறியும் நூல் வரிசையின் முதல் புத்தகம். 'பாழ்நிலம்' வெளியான 'கிரைட்டீரியன்' பத்திரிகையிலேயே எலியட் 1927ல் துப்பறியும் நாவல்களுக்கு மதிப்புரையும் எழுதினார், அவற்றுக்கு என்ன நெறி வேண்டும் என்றும் எழுதினார், நாக்ஸுக்கு முன்பே. ஆக, நண்பர் போடும் கோடு, இந்தப் பக்கம் தீவிர இலக்கியம் அந்தப் பக்கம் வியாபாரம் என்பது, அவர் பூஜிக்கும் எலியட்டின் மேஜையில் கூட இருந்ததில்லை.

இதனால் துப்பறியும் கதை இலக்கியமாகிவிடுகிறது என்று சொல்ல வரவில்லை. சமீப காலமாக அப்படிச் சொல்வது நாகரிகமாகிவிட்டது. எல்லாமே பிரதி, எல்லாமே விளையாட்டு, ஆகவே எல்லாமே சமம். அந்தச் சமரசம் நண்பரின் இகழ்ச்சியைவிட மோசமானது. இகழ்கிறவர் ஒரு தரம் இருக்கிறது என்றாவது நம்புகிறார். க்ராஃப்ட்ஸின் ரயில் அட்டவணைகளை நான் இரண்டு முறை படிக்கப் போவதில்லை. நான் பேசுவது நாவல்களைப் பற்றியல்ல. ஒரு கூட்டம் தன் தொழிலில் எது பித்தலாட்டம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ள முடிந்தது என்பதைப் பற்றி.

தமிழில் இந்தக் கதை வந்தபோது என்ன ஆயிற்று என்பதையும் சேர்த்துப் பார்க்கலாம். ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே.ஆர். ரங்கராஜு மூவரும் பெரிய வாசகக் கூட்டத்தை உண்டாக்கினார்கள். தமிழில் நாவல் படிக்கும் பழக்கமே அவர்கள் உண்டாக்கியதில் பாதி. துப்பறியும் கோவிந்தனுக்கும் திகம்பர சாமியாருக்கும் நாம் செய்த அவமரியாதை பற்றித் தனியாகவே எழுதவேண்டும். அவர்கள் காலத்தில் லண்டனிலேயே பத்திரம் எழுதப்படவில்லை, அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அதற்குப் பின்பும் இங்கே பாத்திரங்களுக்குப் பெயரை மாற்றினோம், ஊரை மாற்றினோம், பத்திரத்தை யாரும் மொழிபெயர்க்கவில்லை. கடைசி வாரத்தில் புதிதாக ஒருவன் வந்து குற்றத்தை ஒப்புக்கொண்டால் வாசகன் பொறுத்துக்கொண்டான். பொறுத்துக்கொள்ளக் கற்றுக்கொண்ட அதே வாசகன்தான் பிறகு நம் கவிதைக்கும் வந்தான். அவனை நாம் தீவிர வாசகன் என்கிறோம்.

கூட்டம் சேர்வது படைப்புக்கு விரோதம் என்கிறார் நண்பர். மாதத்தில் இரண்டாவது ஞாயிறு மாலை அவரும் நானும் இன்னும் எட்டுப் பேரும் ஒரு மாடியறையில் கூடுகிறோம். இதற்கு என்ன பெயர் வைப்பது? அங்கே கதை படிக்கப்படுகிறது, முடிந்ததும் சிறிது நேரம் யாரும் பேசுவதில்லை, பிறகு யாராவது ஒருவர் "நல்லா வந்திருக்கு" என்கிறார், டீ வருகிறது. அறைக்கு வெளியே மாடிப்படியில்தான் உண்மையான அபிப்ராயங்கள் பேசப்படுகின்றன, கதை படித்தவர் முன்னால் இறங்கிப் போன பிறகு. முக்கியமான தடயம் அவரிடமிருந்து மறைக்கப்படுகிறது. போன மாதம் படிக்கப்பட்ட கதையில் நாலாவது பக்கத்தில் இறந்த தாத்தா ஏழாவது பக்கத்தில் வெற்றிலை கேட்டார். பத்துப் பேர் இருந்தோம். ஒருவரும் சொல்லவில்லை. அதை மாய யதார்த்தம் என்று படியில் ஒருவர் எனக்கு விளக்கினார். எழுதியவரிடம் நான் மறுநாள் தனியாகக் கேட்டபோது, அது மறதி என்று சொல்லி வருத்தப்பட்டார். ஏன் அங்கேயே சொல்லவில்லை என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

நண்பர் அடுத்த இதழில் எனக்குப் பதில் எழுதுவதாகச் சொல்லியிருப்பதாகக் கேள்வி. எழுதட்டும். 'ஃப்ளோட்டிங் அட்மிரல்' என்னிடமிருந்து வாங்கிப் போய் ஒரு வருஷம் வைத்திருந்து குறிப்பு எழுதுவதற்கு முந்தின வாரம்தான் திருப்பித் தந்தார். அதற்குள் ஒரு பஸ் டிக்கெட் இருந்தது, கிறிஸ்டி எழுதிய நான்காவது அத்தியாயத்தில். நாக்ஸ் வருவது எட்டாவது, தீர்வுகள் கடைசியில். புத்தகத்தை மறுபடியும் அனுப்பிவைக்கிறேன். டிக்கெட்டை அதே பக்கத்தில் வைத்திருக்கிறேன், அங்கிருந்து தொடங்கலாம்.